மூடிய மில்லின் குட்டையையும் பள்ளத்தையும் ஊருக்கு மீட்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அவிநாசிப் பக்கம் ஒரு கிராமம். நீராவி இன்ஜினில் ஓடிய, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற பழைய ஜின்னிங் மில் ஒன்று மூடிப் பல வருஷம் ஆகிறது. மில்லுக்குப் பின்னால் 2 ஏக்கரில் ஒரு குட்டை, கருங்கல் சுவரும் ஒரு மதகும் உண்டு. வடமேற்கிலிருந்து ஒரு பள்ளம், அதாவது மழைக்கு ஓடுகிற ஓடை, வந்து அதில் விழுகிறது. இன்றைக்குக் குட்டை முழுக்கச் சீமைக்கருவேலம், பள்ளத்தில் சாக்கடையும் கோழிக் கழிவும். ஊர் இளைஞர்கள் சேர்ந்து தூர்வாரி, சுற்றிலும் நடைபாதை போட்டு, பெடல் படகு விட்டு, பள்ளிப் பிள்ளைகள் வந்து படிக்கிற இடமாக்க ஆசைப்படுகிறீர்கள். பணத்துக்கு ஆள் இருக்கிறது. "ஜேசிபி பேசியாச்சு, எத்தனை அடி தோண்டலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்கணக்கைப் பிறகு சொல்கிறேன். தோண்டிய குழிக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும், வந்தது எத்தனை நாள் நிற்கும், மிஞ்சினது எங்கே போகும் என்ற மூன்றும் தெரியாமல் அடிக்கணக்குச் சொன்னால் அது ஜோசியம்.

நான் நீர்ப்பாசனப் பிரிவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, நொய்யல் குளங்களிலும் பவானி வாய்க்கால்களிலும் முப்பது வருஷத்துக்கு மேல் அலைந்தவன். மதகு, கலிங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து போகிற இடம்), கரை, வரத்து வாய்க்கால் இவையெல்லாம் கைப்பழக்கம். பறவை, பூச்சி விஷயத்தில் நான் ஆர்வலன் மட்டுமே. உங்கள் குட்டையை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் கீழே நான் அடித்துச் சொல்வதும் உண்டு, "நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று விடுவதும் உண்டு.

ஆழத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்பதற்கு ஒரு கதை. வேலையில் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஒரு ஊர்க் குட்டையைத் தூர்வாரும் பொறுப்பு என்னிடம். மேலே ஒன்றரை அடி வண்டல், அதற்குக் கீழே கறுப்பாகக் களி. வண்டலோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் இரண்டடி போனால் இன்னும் தண்ணீர் நிற்குமே என்று தோண்டச் சொன்னேன். களி போய், வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல் தெரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆழமாக, சதுரமாக. ஐப்பசி மழையில் நிரம்பியது, போட்டோ எடுத்தோம். கார்த்திகை கடைசியில் அடித்தரை தெரிந்தது. ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் கரையில் உட்கார்ந்து, "ஏனுங்க சார், அடியில இருந்த களியவும் வழிச்சுப் போட்டீங்களே, இனி தண்ணி எங்கீங்க நிக்கும்?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பக்கத்துக் கிணறுகளில் அந்த வருஷம் நீர்மட்டம் ஏறியது என்பது உண்மை. கசிவுநீர்க் குட்டை வேண்டும் என்றால் நான் செய்தது சரியான வேலை. ஊர் கேட்டது தண்ணீர் நிற்கிற குட்டை.

உங்கள் குட்டை எதற்காக வெட்டப்பட்டது என்று யோசித்தால் பாதி விஷயம் பிடிபடும். பைக்காரா மின்சாரம் 1930-களில் கோயம்புத்தூர்ச் சீமைக்கு வருவதற்கு முன்னால் மில் என்றால் நீராவிதான். பாய்லருக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், வெளியே வருகிற ஆவியைக் குளிர வைக்கவும் தண்ணீர் வேண்டும். பஞ்சு வரத்து இருக்கிற மாதங்களில் மில் ஓடும், அந்த மாதங்களுக்கு நீர் நின்றால் போதும். வருஷம் முழுக்கத் தளும்ப வேண்டும் என்ற எண்ணத்தில் யாரும் அதை வெட்டியிருக்க மாட்டார்கள். கரன்ட் வந்தது, மோட்டார் வந்தது, குட்டைக்கு வேலை போயிற்று. வேலை போன குட்டையை யாரும் தூர்வாரவில்லை. குட்டையின் ஒரு மூலையில் கறுப்பாகப் பொறுக்குப் பொறுக்காகக் கரிச் சாம்பல் கிடக்கிறதா என்று பாருங்கள். பாய்லர் சாம்பலைக் கொட்ட அதைவிடக் கிட்டத்தில் இடம் இருந்திருக்காது. அந்த மூலையைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அடுத்தது நிலம் யாருடையது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, மண்வெட்டி எடுப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை. மில் வெட்டிய குட்டை என்பதால் பட்டா நிலமாக இருக்கலாம். அல்லது முன்பே இருந்த ஊர்க் குட்டையை மில் பயன்படுத்தியிருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு (ஊர் நிலங்களின் பதிவேடு) நகலும் புலப்படமும் (நில அளவை வரைபடம்) வாங்குங்கள். அதோடு நிற்காமல், யூ.டி.ஆர் என்கிற நிலப் பதிவேடு புதுப்பிப்புக்கு முந்தைய பதிவேட்டையும் கேளுங்கள். 1980-களில் நடந்த அந்தப் பதிவு மாற்றத்தில் ஓடைப் புறம்போக்கு பட்டாவாகவும் பட்டா புறம்போக்காகவும் மாறிப்போன ஊர்கள் எனக்குத் தெரிந்தே பல. பட்டா என்றால், மில் குடும்பத்தாரிடம் பேசி ஊராட்சிக்குத் தானமாக எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் போடாதீர்கள். குட்டை அழகான பிறகு அதே இடத்துக்கு "லேக் வியூ சைட்" என்று போர்டு வைப்பார்கள். புறம்போக்கு என்றால் ஊராட்சித் தீர்மானமும், எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். ஆக்கிரமிப்பு இருந்தால் 2007-ஆம் வருஷத்துக் குளங்கள் பாதுகாப்புச் சட்டம் நீர்வளத் துறைக் குளங்களுக்கு உண்டு. எல்லாக் குட்டைக்கும் அது நேராகப் பொருந்தாது. நீங்களே போய் வேலியைப் பிடுங்கினால் குட்டை வேலை கோர்ட்டு வேலையாகிவிடும்.

இனி பள்ளம். என்னைக் கேட்டால் உங்கள் பணத்தில் பாதி பள்ளத்துக்குப் போக வேண்டும். ஐப்பசியில் நல்ல மழை பெய்கிற அன்றைக்கு நாலு பேர் குடை பிடித்துக்கொண்டு, குட்டை வாயிலிருந்து மேலே பள்ளத்தோடு நடந்து போங்கள். மழை நாளில் பார்க்காதவருக்குப் பள்ளம் புரியாது. ஓரிடத்தில் ரோட்டுக் குழாய் மண் மேவி அடைத்திருக்கும். ஓரிடத்தில் தோட்டத்துக்காரர் வரப்புப் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பியிருப்பார். ஓரிடத்தில் புதுசாக லேஅவுட் போட்டவர் பள்ளத்தை மூடித் தார் ரோடு போட்டிருப்பார். மூன்று கிலோமீட்டரில் இப்படி ஐந்தாறு இடம் கண்டுபிடித்தால், அதில் மூன்றை ஒரு நாள் ஆள் வேலையிலேயே திறந்துவிடலாம். பேச்சுவார்த்தையில் திறக்க வேண்டியவைதான் மாதக்கணக்கில் இழுக்கும். நொய்யல் குளங்கள் ஒன்றின் கலிங்கு வழிந்து அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாக அமைந்தவை. குருடிமலையில் பிறந்து வஞ்சிபாளையம் பக்கம் நொய்யலில் சேரும் கௌசிகா நதிக்கும் இப்படிக் குட்டைகளும் பள்ளங்களும் உண்டு. சங்கிலியில் ஒரு கண்ணியைப் பளபளப்பாக்கினால் தண்ணீர் வந்துவிடாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. 2 ஏக்கர் என்றால் சுமார் 8,000 சதுர மீட்டர். ஒரு மீட்டர் ஆழம் நிறைந்தால் 80 லட்சம் லிட்டர். பள்ளத்தின் நீர்ப்பிடிப்பு 100 ஏக்கர், ஒரு நாள் மழை 50 மில்லிமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு ஓடி வருகிறது என்று வையுங்கள். குட்டைக்கு வருவது 20 லட்சம் லிட்டர். அப்படிப்பட்ட மழை நான்கு வேண்டும். மலை மறைவில் இருக்கிற நம் பக்கம் ஆடி மழையில் தூறலும் காற்றும்தான் மிச்சம், ஐப்பசி கார்த்திகையை நம்பித்தான் குட்டை. பத்தில் ஒரு பங்கு என்பது என் ஊகம். காடு காய்ந்து கிடந்தால் முதல் மழையில் ஒரு சொட்டும் வராது, மண் ஊறிய பிறகு அதே மழைக்கு மூன்று மடங்கு வரும். செலவுப் பக்கம் ஊகம் குறைவு. வெயில் மட்டும் நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கும் என்றால் உங்கள் குட்டையில் அது 40,000 லிட்டர், மூன்று டேங்கர் லாரிக்கு மேல். கோடையில் அதற்கும் கூடும். தையில் ஒரு மீட்டர் தண்ணீர் இருந்தாலும் சித்திரையில் கணுக்கால் அளவுதான்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத் தண்ணீர் கிடைக்குமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வழிந்து போகிற உபரியில் 1.5 டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றுகிறார்கள். உங்கள் குட்டை பட்டியலில் இருந்தால் கரையோரம் குழாய் வாய் ஒன்று ஏற்கெனவே நிற்கும், போய்ப் பாருங்கள். இருந்தாலும் அது ஆற்றில் உபரி இருக்கும் நாட்களின் தண்ணீர். வந்தால் வரவு என்று வைத்துக்கொண்டு, பள்ளத்தை நம்பியே திட்டம் போடுங்கள்.

சாக்கடையை நிறுத்தாமல் தூர்வாருவது, ஓட்டைக் குடத்தைப் புளி போட்டு விளக்குகிற மாதிரி. ஊராட்சியிடம் பேசி, வீட்டுக் கழிவுநீர் பள்ளத்தில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்பே ஒரு தொட்டி, அதை ஒட்டி ஜல்லி போட்ட நீளப் படுகை, அதில் கல்வாழையும் சம்பும். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு இது நன்றாகவே வேலை செய்யும். கக்கூஸ் தண்ணீருக்கு இது போதாது, அதைத் தனியாகத் தடுத்தே ஆக வேண்டும். ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டிக் கழிவுநீருக்கென்றே பேபி வாய்க்கால் என்று தனியாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்; நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரும் ஒரே தடத்தில் வர விட்டால் பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது என்பதால்தான் அப்படி. கோழிக் கழிவுக்கு இன்ஜினியரிங் தீர்வு கிடையாது. ராத்திரி கொண்டுவந்து கொட்டுகிற ஆள் யார் என்று ஊருக்குத் தெரியும். பள்ளத்தின் வளைவுகளை நேராக்கிக் கான்கிரீட் போடலாம் என்று யாராவது எஸ்டிமேட் நீட்டினால் மறுத்துவிடுங்கள். வளைவில்தான் வேகம் தணிந்து மண் படியும். குட்டைக்குள் நுழைகிற இடத்துக்கு முன்னால், டிராக்டர் இறங்குகிற அளவில் ஒரு வண்டல் குழி வெட்டிவிட்டால், வருஷா வருஷம் அதை மட்டும் அள்ளினால் போதும்.

இப்போது தோண்டலுக்கு வருவோம். குட்டைக்குள் மூன்று இடத்தில், வாய், நடு, மதகடி என்று, நாலடி ஆழத்துக்குச் சோதனைக் குழி வெட்டுங்கள். அரை அடிக்கு ஒரு பிடி மண் எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உள்ளங்கையில் திரியாக உருட்டுங்கள். உருளாமல் உதிர்ந்தால் வண்டலோ மணலோ. பென்சில் கனத்துக்குத் திரியாகி வளைத்தாலும் உடையாமல் நின்றால் களி. களி தொடங்குகிற மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு அரை அடி மேலே ஜேசிபியை நிறுத்துங்கள். உங்கள் "எத்தனை அடி" என்பதற்கு என் பதில் இதுதான், அது குழிக்குக் குழி மாறும். சராசரியாக ஒரு அடி வண்டல் எடுத்தாலே 2,400 கன மீட்டர், சுமார் 850 யூனிட் (யூனிட் என்றால் 100 கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் 280 லோடுக்கு மேல். அத்தனை லோடு எங்கே போகும் என்று முன்பே முடிவு செய்யாவிட்டால் கரையிலேயே குவித்து, அடுத்த மழையில் அதே மண் குட்டைக்குள் திரும்பி வரும். அறிவிக்கப்பட்ட நீர்நிலை என்றால் விவசாயிகள் இலவசமாக வண்டல் எடுக்கத் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம். வயலுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தக் கரிச் சாம்பல் மூலை மண்ணையும் நடுக்குட்டை மண்ணையும் தனித்தனியாகப் பை கட்டி, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கன உலோகத்துக்குப் பரிசோதனை செய்யுங்கள். ஜின்னிங் மில்லில் சாயம் கிடையாது என்பதால் நடுக்குட்டை மண் நன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். சாம்பல் மூலையைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஓரச் சரிவு விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓரத்திலிருந்து மூன்று மீட்டருக்கு முழங்கால் ஆழம், பிறகு ஒன்றுக்கு மூன்று என்ற சரிவு, அதாவது ஓர் அடி இறங்க மூன்று அடி தள்ளிப் போக வேண்டும். நட்டுக்குத்தாகத் தோண்டிய குழியில் பிள்ளைகள் சறுக்கி விழுந்து இறப்பது நம் பக்கம் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் செய்தி. அந்த ஆழமில்லாத ஓரத்தில்தான் தவளை முட்டையிடும், கொக்கு நிற்கும், கோரை முளைக்கும். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஓரமே பறவைக்கும் பிடித்த ஓரம்.

சீமைக்கருவேலத்தைக் குட்டைக்குள் வேரோடு எடுங்கள். கரையில் இருப்பதை ஜேசிபியால் பிடுங்க விடாதீர்கள். வேர் போன பொந்தில் தண்ணீர் புகுந்து கரை உடையும். பெரியதைத் தரையோடு அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள். பிடுங்கியே ஆக வேண்டிய இடத்தில் பொந்தை அரை அடி அரை அடியாக மண் போட்டு ஈரத்தோடு திமிசுக்கட்டையால் இடித்து மூடுங்கள். நாட்டுக் கருவேலம் நாலு இருந்தால் தொடாதீர்கள், அது பறவை கூடு கட்டுகிற மரம். கருங்கல் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். இழுத்தால் கல்லோடு வரும். வெட்டி, வேரை அப்படியே சாகவிட்டு, இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். சிமென்ட் பூசுவது சுலபம்தான். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் அது ஈரத்தை உள்ளே பூட்டி, பத்து வருஷத்தில் பட்டை பட்டையாகப் பெயர்ந்து, கூடவே கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். மதகில் அடைப்புப் பலகை இறங்குகிற காடி தேய்ந்திருந்தாலும் கல்லை மாற்றாமல், காடிக்குத் தகுந்த புதுப் பலகை செய்யுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட உங்களிடம் இருப்பதிலேயே விலைமதிப்பான பொருள் அந்த மதகு.

படகு வேண்டாம். இரண்டு ஏக்கரில், அஞ்சு மாதத் தண்ணீரில், பெடல் படகு இரண்டாம் வருஷம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். நடைபாதை வேண்டும், ஆனால் சுற்றிவர வேண்டாம்; முக்கால் வட்டம் போதும், பள்ளம் நுழைகிற பக்கத்தை மனிதக் கால் படாமல் விட்டுவிடுங்கள். டைல்ஸ் இல்லாமல் கிராவல் மண் கெட்டித்த பாதை. விளக்கு வேண்டுமென்றால் மில் சுவர்ப் பக்கம் மட்டும். கோவை உக்கடம் பெரியகுளத்தில் நடைபாதையும் விளக்குமாக ஆனதில் நகரத்து ஜனங்களுக்கு மாலை நேரத்துக்கு ஒரு இடம் கிடைத்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். சிங்காநல்லூர் குளத்தை 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்து வேறு வழியில் போனார்கள். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்றையும் சுற்றி வாருங்கள். எது மாதிரி வேண்டும் என்ற சண்டையை அங்கேயே போட்டு முடித்துவிடலாம்.

இறங்கிக் குளிக்கலாமா என்பது தனிக் கேள்வி. அதற்கான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவுகோல்: 100 மில்லிலிட்டரில் மொத்தக் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) 500-க்குள், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல், பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கிற ஆக்சிஜன்) 3 மில்லிகிராமுக்குள். சாக்கடை நின்று இரண்டு மழைக்காலம் போன பிறகு சோதித்துப் பாருங்கள். அதுவரை காலில் புண்ணோடு யாரும் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

படிக்கிற இடம் என்றவுடன் போர்டு எழுதி வைப்பார்கள், ஆறு மாதத்தில் வெயிலில் வெளுக்கும். அதற்குப் பதில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். மதகுச் சுவரில் சென்டிமீட்டர் கோடு போட்டுப் பெயின்ட் அடியுங்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வையுங்கள். தினமும் காலையில் இரண்டு பேர் இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதட்டும். மூன்று மாதத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மழையே இல்லாத நாள்லயும் ஒரு சென்டிமீட்டர் குறையுதே, அது வெயிலுக்குப் போனதா, மண்ணுக்குப் போனதா?" என்று கேட்பாள். என் துறையில் முக்கால்வாசிப் பேர் கேட்காத கேள்வி அது. பக்கத்தில் வாய் அகன்ற தொட்டி ஒன்றில் தண்ணீர் வைத்து அதிலும் அளந்தால் வெயில் கணக்குக் கிட்டத்தட்டப் பிரிந்துவிடும், மிச்சம் கசிவு. பள்ளம் ஓடுகிற நாளில் பத்து மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். அகலம், ஆழம், வேகம் பெருக்கி, மேல்மட்ட வேகம் கூடுதல் என்பதற்காகக் கொஞ்சம் கழித்தால் விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். நீளக் கயிற்றில் எவர்சில்வர் தட்டைக் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தால் கலங்கல் அளவு. தட்டான் இளம்புழுக்களை வடிகட்டியில் அள்ளி எண்ணிவிட்டுத் திரும்ப விடலாம். மீன் மட்டும் வாங்கி விடாதீர்கள், குறிப்பாக ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும். கெளுத்தி தடை செய்யப்பட்டது, ஜிலேபி விட்டால் வேறு எதுவும் மிஞ்சாது.

எனக்கே சந்தேகம் இருக்கிற இடம் ஒன்றுதான்: இத்தனையும் செய்தாலும் உங்கள் குட்டையில் மாசிக்குப் பிறகு தண்ணீர் நிற்குமா என்பது. சுற்றிலும் ஆயிரம் அடி போர்வெல்கள் உறிஞ்சுகிற ஊரில் குட்டையின் அடி பழைய மாதிரி நடந்துகொள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வற்றினால் வற்றட்டும். வற்றிய சேற்றில் உள்ளான் பறவை வந்து இறங்கும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். நடைபாதை அப்போதும் நடைபாதைதான். தார்ப்பாய் விரித்துத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற யோசனைக்கு மட்டும் போகாதீர்கள்.

ஜேசிபிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு என்று எழுதியிருந்தீர்கள். திரும்பக் கேட்க வேண்டாம். மூன்று சோதனைக் குழிக்கு அரை நாள், மேலே அடைத்துக் கிடக்கிற ரோட்டுக் குழாயைத் திறக்க அரை நாள், கணக்குச் சரியாகிவிடும். குழியின் பக்கவாட்டு மண்ணை அடிக்கோல் வைத்துப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். களி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.